27 மாதம் ஒரு பையன் பின்னால்: பட்டாளத்துக்காரன் கதையைப் படம் சொல்லுமா?

கருவிழி | சனி இரவு 9.15

வணக்கம் மக்களே. போன மாதம் திருவிழாப் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து லென்ஸ் சண்டையில் போய் முடித்தோம். இந்த முறை லென்ஸ் என்று யாராவது எழுதினால் நானே அழித்துவிடுவேன்.

இந்த மாதம் எடுத்துக்கொண்டது டென்வர் போஸ்ட் பத்திரிகையில் 2009 செப்டம்பரில் வந்த ஒரு படக்கட்டுரை. எடுத்தவர் கிரெய்க் வாக்கர். 2007 கோடையில் பள்ளி முடித்த ஒரு 18 வயதுப் பையன், டென்வரை ஒட்டிய புறநகர்க்காரன், ராணுவத்தில் சேர்கிறான். இராக் கொழுந்துவிட்டு எரிந்த நேரம். வாக்கர் அவன் பின்னாலேயே போகிறார். ஜார்ஜியாவில் ஃபோர்ட் பென்னிங் பயிற்சி, கொலராடோவிலேயே ஃபோர்ட் கார்சன் முகாம், அப்புறம் இராக், அப்புறம் வீடு. மொத்தம் 27 மாதம். 2010ல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது.

பையனின் பெயர் தொடரின் தலைப்பிலேயே இருக்கிறது, ரகசியம் ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த இழையில் "பையன்" என்றே எழுதுவோம். அவருக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டியிருக்கும். 18 வயதில் அழுததையும் தடுமாறியதையும் ஊரே பார்த்துவிட்டது. நாமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதைப் பேச வேண்டாம்.

எனக்கு வேலை செய்தது இது. போர்ப்படம் என்று நினைத்துத் திறந்தால் போர் கொஞ்சம்தான் இருக்கிறது. நண்பர்களிடம் விடைபெறுவது, பயிற்சியில் அடி பட்டு "தெரியாமல் வந்துவிட்டோமோ" என்று முழிப்பது, காதலியோடு கடைக்குப் போய் மோதிரம் பார்ப்பது, அந்தக் காதல் முறிவது, சும்மா உட்கார்ந்திருப்பது. விளம்பரச் சுவரொட்டியில் வருகிற வீரனுக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருக்கிறான்.

கேள்வி இதுதான். ஒரு இளம் வீரனின் கதையை நிழற்படம் நன்றாகச் சொல்லுமா, காணொளியா? இல்லை, இரண்டுமே ஏமாற்று வேலையா?

ராஜபாளையத்தான் | சனி இரவு 9.22

லிங்க் இருக்கா அண்ணே?

கருவிழி | சனி இரவு 9.30

புலிட்சர் தளத்தில் 2010ஆம் ஆண்டுக்குப் போய் சிறப்புப் புகைப்படப் பிரிவை (Feature Photography) திற. படங்கள் அங்கேயே இருக்கின்றன. பார்த்துவிட்டு வந்து பேசு, பார்க்காமல் பேசாதே. (உன்னைத் தெரியும்.)

அப்பெர்ச்சர் அன்பு | சனி இரவு 10.04

நான் முதலில் கணக்குத்தான் பார்த்தேன். 27 மாதம்! நான் கல்யாணப் படம் எடுக்கிறவன், அதிகபட்சம் மூன்று நாள். ஆனால் அந்த மூன்று நாளிலேயே ஒன்று கற்றிருக்கிறேன். முதல் நாள் எல்லோரும் கேமராவுக்காகச் சிரிப்பார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, ராத்திரி ஒரு மணிக்கு மண்டபத்தில் பெண்ணின் அப்பா தனியாக நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் நான் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. படம் அதுதான். ஆல்பத்தில் அதை யாரும் வைக்க மாட்டார்கள், அது வேறு கதை.

வாக்கர் 27 மாதம் போனதற்கு அர்த்தம், அவர் இருப்பது அந்தப் பையனுக்கு மறந்துபோகும் வரை போயிருக்கிறார். வேறு வித்தை ஒன்றும் இல்லை. காலம்தான் வித்தை. அந்தக் காலத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு பத்திரிகை இருந்தது பாருங்கள், அது இப்போது எங்கே இருக்கிறது?

டென்வர்வாசி | ஞாயிறு காலை 7.40

நான் இங்கே இருக்கிறவன் என்பதால் ஊர்ப் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஃபோர்ட் கார்சன் இங்கிருந்து தெற்கே கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கம், காரில் ஒன்றரை மணி நேரம். அந்த முகாமிலிருந்து இராக்குக்குப் போனவர்கள் ஏராளம். அதனால் இது டென்வர் பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்தி, தூரத்துப் போர் இல்லை. பையன் பயிற்சி முடிந்து திரும்பி வந்தது சொந்த மாநிலத்துக்கே என்பதால் படக்காரரும் வாராவாரம் போய் வர முடிந்திருக்கும். காலம்தான் வித்தை என்று அன்பு சொல்வது சரி, கூடவே தூரமும் கணக்கில் வரும்.

இன்னொன்று. இதே ஊரில் ராக்கி மவுண்டன் நியூஸ் என்று இன்னொரு பத்திரிகை இருந்தது. 2006ல் அவர்களுடைய படக்காரர் டாட் ஹைஸ்லர் இதே பிரிவில் புலிட்சர் வாங்கினார். அது இறந்த வீரர்களின் உடல் வீட்டுக்கு வருவதைப் பற்றியது. ஒரு படத்தை மறக்கவே முடியாது. விமான நிலையம். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் மரீன்கள் (அமெரிக்கக் கடல்சார் படை வீரர்கள்) சவப்பெட்டியின் மேல் கொடியைச் சரிசெய்கிறார்கள். மேலே ஜன்னல் வரிசையில் பயணிகளின் முகங்கள், தங்கள் காலுக்குக் கீழே இவ்வளவு நேரம் என்ன பயணம் செய்தது என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட முகங்கள். இன்னொன்று, அடக்கத்துக்கு முந்தைய இரவு. கர்ப்பிணி மனைவி சவப்பெட்டிக்கு முன்னால் காற்று மெத்தை போட்டுப் படுத்திருக்கிறார். பக்கத்தில் மடிக்கணினி, அதில் கணவரை நினைவூட்டுகிற பாட்டுகள். ஓரத்தில் ஒரு மரீன் காவல் நிற்கிறார்.

இது வந்த காலத்தில் டெலாவேரின் டோவர் விமானத் தளத்தில் சவப்பெட்டிகள் வந்து இறங்குவதைப் படம் எடுக்கவே தடை. 1991 வளைகுடாப் போர் காலத்திலிருந்து இருந்த தடை. 2009ல்தான், குடும்பம் சம்மதித்தால் எடுக்கலாம் என்று மாற்றினார்கள். அதே 2009 பிப்ரவரியில் ராக்கி மவுண்டன் நியூஸ் மூடப்பட்டது. அன்பு, உங்கள் கேள்விக்கு இதுதான் பாதிப் பதில்.

பழைய பட்டாளம் | ஞாயிறு காலை 11.18

தம்பிகளா, நான் 24 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். ஹவில்தாராக வெளியே வந்தேன். உங்கள் பேச்சைப் படித்துக்கொண்டே வருகிறேன், கோபப்படாதீர்கள்.

பட்டாளத்துக்காரன் கதை படத்தில் வராது. வெலிங்டன் பயிற்சி முகாமில் விடியற்காலை உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) விசில் அடித்தால் ஊட்டிக் குளிரில் கால் மரத்துப்போயிருக்கும். அந்த மரத்துப்போன காலை எந்தக் கேமரா எடுக்கும்? பாதி வாழ்க்கை காத்துக் கிடப்பதுதான். லாரிக்குக் காத்திரு, ரேஷனுக்குக் காத்திரு, லீவு பாஸுக்குக் காத்திரு. நான் வீட்டுக்குப் போட்ட கடிதம் எல்லாம் "இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்". காலில் கொப்புளத்தோடு எழுதியதும் அப்படித்தான். படம் எடுத்தால் விறைப்பாக நின்றிருப்பேன், அதுவும் பொய்தான்.

அந்த அமெரிக்கப் பையன் படங்களைப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன், அந்த மூஞ்சி எனக்குத் தெரிந்த மூஞ்சி. பயிற்சியில் வருகிற அந்த "அம்மா, தப்புப் பண்ணிட்டேன்" என்கிற பார்வை. எல்லோருக்கும் வரும். ஆனால் எங்கள் ராத்திரி அழுகையைக் கம்பளிக்குள்ளே வைத்துக்கொண்டோம். இவன் கேமரா முன்னால் வைத்திருக்கிறான். அவனுக்கு அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எதிர்க்கரை | ஞாயிறு மதியம் 1.55

எல்லோரும் உருகுவதற்குக் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

"பக்கத்து வீட்டுப் பையன்", சரி. யாருடைய பக்கத்து வீடு? அவன் துப்பாக்கியோடு போய் இறங்கியது வேறு ஒருவருடைய தெரு. 27 மாதம் கூடவே போன கேமரா அந்தத் தெருக்காரர்கள் வீட்டில் 27 நிமிடம் உட்கார்ந்ததா?

உங்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2007 ஜூலை 12. இந்தப் பையன் ராணுவத்தில் சேர்ந்த அதே கோடை. பாக்தாத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் படக்காரர் நமீர் நூர் எல்தீன், வயது 22. ஓட்டுநர் சயீத் சுமாக், வயது 40. தெருவில் நடந்து போனவர்களை அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர் சுட்டது. தோளில் தொங்கிய கேமராவை ஆயுதம் என்று நினைத்தார்கள். இரண்டு பேரும் செத்தார்கள், கூட இருந்த பலரும் செத்தார்கள். அது முழுக்க ஹெலிகாப்டரின் துப்பாக்கிக் கேமராவில் பதிவானது. ராய்ட்டர்ஸ் கேட்டும் கொடுக்கவில்லை. ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்டபோதுதான் உலகம் பார்த்தது. வெளியிட்ட நாள் 2010 ஏப்ரல் 5.

உங்கள் புலிட்சர் அறிவித்த நாள் 2010 ஏப்ரல் 12. ஒரே வாரம்.

அந்தக் கறுப்புவெள்ளைக் காணொளியும் இளம் வீரர்களின் கதைதான். அவர்கள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். ஏதோ விளையாட்டு ஆடுகிற மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். எந்தப் படக்காரரும் 27 மாதம் பின்னால் போகவில்லை. துப்பாக்கியே படம் எடுத்தது. எனக்கு எது உண்மையான ஆவணம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ராஜபாளையத்தான் | ஞாயிறு மதியம் 2.10

பார்த்துவிட்டு வந்தேன். இரண்டையும். பேச ஒன்றும் தோன்றவில்லை.

கருவிழி | ஞாயிறு மதியம் 3.26

எதிர்க்கரை, தேதிப் பொருத்தம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. உண்மையிலேயே கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் உடன்பட மாட்டேன். அந்தக் காணொளியில் வீரர்களின் குரல் இருக்கிறது, கதை இல்லை. அந்தக் குரல் எப்படி அந்த மாதிரிக் குரல் ஆனது? 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அது எப்படி இருந்தது? அதைச் சொல்வதற்குத்தான் வாக்கர் மாதிரி ஒருவர் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான், ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இல்லை.

அந்தக் காணொளியிலேயே ஒரு இடம் உண்டு. சுட்டு முடித்த பிறகு தரைப்படை வருகிறது. அடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அமெரிக்க வீரர் ஓடுவார். மேலிருந்து பார்க்கும்போது ஒரு வெள்ளைப் பொட்டு ஓடுகிற மாதிரித்தான் தெரியும். ஈதன் மெக்கார்ட் என்பவர். அவர் பிற்பாடு வெளியே வந்து அந்த நாளைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசியதால்தான் அந்தப் பொட்டு ஒரு மனிதன் என்று நமக்குத் தெரிகிறது. இல்லாவிட்டால் காணொளி அதைச் சொல்லியிருக்காது.

எதிர்க்கரை | ஞாயிறு மாலை 4.02

அந்தக் குழந்தையின் அப்பா, காயம்பட்டவரைத் தூக்க வந்து சுடப்பட்ட வேனில் செத்துப்போனார். அவருடைய 27 மாதத்தை எடுக்க யாரும் இல்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். உங்கள் பதிலை மறுக்கவில்லை.

டென்வர்வாசி | ஞாயிறு மாலை 6.50

ஒரு சின்னத் துணுக்கு. பையன் சேர்ந்தது 2007ல். இராக்கில் அமெரிக்கர்களுக்கு மிக மோசமான ஆண்டு அது, 900க்கு மேல் வீரர்கள் செத்தார்கள். அவன் வீடு திரும்பிய 2009ல் அது 150 அளவுக்கு இறங்கிவிட்டது. சாவுக்குத் துணிந்து கையெழுத்துப் போட்டவன் போய்ச் சேர்ந்தது ஓரளவு தணிந்துவிட்ட போருக்கு. அதனால்தான் அந்தத் தொடரில் வெடிச்சத்தத்தைவிட அலுப்பு அதிகம். "காத்துக் கிடப்பது" என்று ஐயா சொன்னாரே, அது அந்தப் படங்களில் இருக்கிறது.

நித்திலா | ஞாயிறு இரவு 10.31

வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. ஆகையால் காணொளிக்கு ஆதரவாக ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

செபாஸ்டியன் ஜங்கரும் டிம் ஹெதரிங்டனும் எடுத்த ரெஸ்ட்ரெப்போ பார்த்திருக்கிறீர்களா? 2010ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கிய ஆவணப்படம். ஆப்கானிஸ்தானின் கோரங்கால் பள்ளத்தாக்கு, 15 மாதம் அங்கே போட்டு வைத்த ஒரு பிளட்டூன் (சிறு படைப்பிரிவு). பின்னணிக் குரல் கிடையாது, தளபதிகள் வந்து விளக்கம் சொல்வது கிடையாது. படம் ஆரம்பிப்பதே யாரோ கையில் வைத்து ஆட்டி எடுத்த வீடியோவில். இத்தாலியில் ரயிலில் போகிற பையன்கள், கிளம்புவதற்குச் சில நாள் முன்னால். ஒருவன் கேமராவைப் பார்த்துக் கொக்கரிக்கிறான், கிண்டல் பண்ணுகிறான். அவன்தான் ரெஸ்ட்ரெப்போ, மருத்துவ உதவி வீரன், வயது 20. போன கொஞ்ச நாளிலேயே செத்துப்போனான். மலைமேல் கட்டிய காவல் முகாமுக்கு அவன் பெயரை வைத்தார்கள். படத்துக்கும் அதே பெயர்.

அந்த ரயில் வீடியோ ஃபோகஸ் இல்லாத, ஆடுகிற, சாதாரண வீடியோ. நான் எடிட் பண்ணுகிற கல்யாணத்தில் வந்தால் வெட்டி எறிந்துவிடுவேன். ஆனால் அவன் சிரிக்கிற சத்தம் அதில் இருக்கிறது. ஒரு மனிதன் எப்படிச் சிரித்தான் என்பதை நிழற்படத்தில் வைக்க முடியாது, பல் தெரியும் அவ்வளவுதான்.

இப்போது எனக்கு எதிராக நானே சாட்சி சொல்கிறேன். அதே இடத்தில் ஹெதரிங்டன் தூங்குகிற வீரர்களை நிழற்படமாக எடுத்திருக்கிறார். கவசம் இல்லை, துப்பாக்கி இல்லை, வாய் கொஞ்சம் திறந்திருக்கும், சிலர் கையைத் தொடைக்கு நடுவில் வைத்துச் சுருண்டிருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் மாதிரி. வீடியோவில் இதை வைத்தால் நாலு விநாடிக்கு மேல் தாங்காது, அடுத்த காட்சிக்குப் போயாக வேண்டும். படத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவன் விழிக்க மாட்டான். அவருக்கு வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு வாங்கிக் கொடுத்த கோரங்கால் படமும் இந்த வகைதான். பதுங்குகுழிச் சுவரில் சாய்ந்து கையை முகத்தில் வைத்த ஒருவன், படமே கொஞ்சம் கலங்கல்.

ஹெதரிங்டன் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராத்தாவில் தாக்குதலில் இறந்துபோனார். எழுதாமல் விட மனசு வரவில்லை.

பழைய பட்டாளம் | திங்கள் காலை 6.05

நித்திலா அம்மா, தூங்குகிறவர்கள் படத்தைத் தேடிப் பார்த்தேன். ராத்திரி சென்ட்ரி (காவல்) மாற்றும்போது அடுத்த ஆளை எழுப்பப் போவோம். டார்ச்சைக் கையால் மூடிக்கொண்டு விரல் இடுக்கில் வருகிற வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்துத்தான் எழுப்ப வேண்டும், தப்பான ஆளை எழுப்பினால் திட்டு விழும். அந்த முகங்கள் அப்படியேதான் இருக்கும். பகலில் வாயாடுகிறவன்கூட ராத்திரி குழந்தை. எழுப்ப மனசு வராது. இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு எழுப்புவேன்.

படத்தில் எதுவும் வராது என்று சொன்னேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். கால் மரத்துப்போனது வராது, அது மட்டும் உறுதி.

சந்தனப்பேழை | திங்கள் மதியம் 12.47

யாரும் போர்ப் படக்காரர் லாரி பரோஸ் பெயரைச் சொல்லவில்லையே என்று ஆச்சரியம். இந்த வகைக்கு அவரைத்தான் மூத்தவர் என்பேன்.

1965 ஏப்ரல், லைஃப் பத்திரிகை. வியட்நாமில் டா நாங் தளத்திலிருந்து கிளம்புகிற ஒரு ஹெலிகாப்டர், அதில் ஃபார்லி என்கிற 21 வயது வீரர். பரோஸ் கேமராவைக் கையில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, ஹெலிகாப்டரின் எந்திரத் துப்பாக்கியிலேயே ஒரு கேமராவைப் பொருத்திவிட்டார். எதிரியின் பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி வீரனின் முகம் நேருக்கு நேர் கிடைத்தது. (எதிர்க்கரை சொன்ன "துப்பாக்கியே படம் எடுத்தது" என்பதை 1965லேயே ஒருவர் வேறு திசையில் திருப்பியிருக்கிறார் பாருங்கள்.) காலையில் சிரித்துக்கொண்டே ஆயுதத்தைத் தூக்கி வருகிறார். நடுவில் சுடப்பட்ட இன்னொரு ஹெலிகாப்டர், காப்பாற்ற ஓடுவது, ஏற்றிக்கொண்ட விமானி கண்ணெதிரே சாவது. கடைசிப் படத்தில் சாமான் கிடங்கில் ஒரு பெட்டியின் மேல் முகத்தைக் கையில் புதைத்து அழுகிறார்.

எல்லாம் ஒரே நாள். 27 மாதம் இல்லை. ஒரு நாளிலேயே ஒரு பையன் வேறு ஆளாகிவிட முடியும் என்று அந்தக் கட்டுரை காட்டியது. பரோஸ் 1971ல் லாவோஸ் மேல் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டதில் இறந்தார்.

அப்பெர்ச்சர் அன்பு | திங்கள் மதியம் 1.30

துப்பாக்கியில் கேமரா மாட்டியதா! என்ன லெ... சரி, கேட்கவில்லை.

கருவிழி | திங்கள் மதியம் 1.33

நல்ல பிள்ளை.

வாசகி மட்டும் | திங்கள் இரவு 9.58

இங்கே நான் எழுதியதே இல்லை, படிக்க மட்டும் வருவேன். என் அக்கா பையன் இப்போது பட்டாளத்தில் இருக்கிறான், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் எடுக்கிறவர்கள் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் அவன் அனுப்புகிற வீடியோ கால்தான் படம். எப்போது கூப்பிட்டாலும் ஒரே சுவர். பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர், மேல் மூலையில் ஒரு ஆணி. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுவான். எங்கே இருக்கிறான் என்று காட்டக் கூடாதாம். அக்கா அவன் பேசுவதைக் கேட்க மாட்டாள், முகத்தை மட்டும் பார்ப்பாள். கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்று. பேசி முடித்ததும் "பொய் சொல்றான், சாப்பிடல" என்பாள். ஒருநாள் அந்த ஆணியைக் காணோம். அன்று முழுக்க வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. இடம் மாறிவிட்டான் என்று அர்த்தம், எங்கே என்று கேட்கவும் முடியாது.

படம் கதை சொல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் ஆணி சொல்லியது.

நித்திலா | திங்கள் இரவு 10.12

அக்கா, இத்தனை நாள் ஏன் எழுதாமல் இருந்தீர்கள்?

எதிர்க்கரை | செவ்வாய் காலை 8.20

முகத்தை மட்டும் பார்ப்பது என்றதும் படக்காரர் லலாஜ் ஸ்னோ ஞாபகம் வருகிறார். ஸ்காட்லாந்து படைப்பிரிவு வீரர்கள் சிலரை 2010ல் ஆப்கானிஸ்தான் போவதற்கு முன், அங்கே இருக்கும்போது, வந்த பிறகு என்று மூன்று முறை எடுத்தார். நேராக நிற்க வைத்து வெறும் முகம். மூன்றையும் வரிசையாக வைத்தால் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அக்கா செய்வதும் அதேதான், கேமரா இல்லாமல்.

(ஆமாம், நானும் உருகுவேன். ஆப்கானியர்களின் முகத்தையும் யாராவது மூன்று முறை எடுத்திருந்தால் இன்னும் உருகியிருப்பேன்.)

சந்தனப்பேழை | செவ்வாய் மாலை 5.15

கருவிழி, பையன் பெயர் வேண்டாம் என்று ஆரம்பத்தில் எழுதியது எனக்கு அப்போது அதிகப்படியாகத் தெரிந்தது. இப்போது சரி என்று படுகிறது.

2004 நவம்பரில் இராக்கின் ஃபலூஜாவில் லூயிஸ் சிங்கோ எடுத்த ஒரு படம் உண்டு. முகமெல்லாம் கரி, மூக்கில் ரத்தக் கீறல், உதட்டில் சிகரெட், எங்கேயோ வெறிக்கிற 20 வயது மரீன். நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தது. மார்ல்போரோ மரீன் என்று ஊரே பெயர் வைத்தது, வீரத்தின் சின்னம் என்று கொண்டாடியது. அவர் சண்டை முடிந்த களைப்பில் சிகரெட் பற்றவைத்திருந்தார், அவ்வளவுதான். ஊருக்கு வந்தபோது மனம் உடைந்துபோயிருந்தது. போருக்குப் பிந்தைய மன அழுத்த நோய், வேலையிலிருந்து விடுவிப்பு, கல்யாண முறிவு. சிங்கோ அவரைத் தேடிப் போய், சிகிச்சைக்குச் சேர்க்கிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறார். படம் எடுத்தவருக்கே அந்தப் படம் உறுத்த ஆரம்பித்துவிட்டது.

ஒற்றைப் படம் ஒரு ஆளை முழுங்கிவிடும். 27 மாதம் எடுத்தால் முழுங்குவது கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எந்த ஒரு படமும் "இதுதான் அவன்" என்று நிற்க முடியாது. அடுத்த படத்தில் அவன் வேறு மாதிரி இருப்பான். வாக்கர் அதோடு நிறுத்தவும் இல்லை. 2012ல் அவருக்கு இரண்டாவது புலிட்சர் கிடைத்தது எதற்கு? இராக்கிலிருந்து திரும்பி இதே நோயோடு மல்லுக்கட்டுகிற ஒரு முன்னாள் மரீனின் கதைக்கு. அதில் போர் கிடையாது, ஒரு வீடும் ஒரு ஆளும்தான்.

கருவிழி | செவ்வாய் இரவு 9.40

சந்தனப்பேழை, "ஒற்றைப் படம் ஆளை முழுங்கிவிடும்" என்பதை எடுத்து என் மேசை மேல் ஒட்டிக்கொள்கிறேன், அனுமதி கேட்கப் போவதில்லை.

பழைய பட்டாளம் | புதன் காலை 5.50

தூக்கம் வரவில்லை. பரணிலிருந்து என் கறுப்பு ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன். வெள்ளைப் பெயிண்டில் எழுதிய நம்பரும் பெயரும் பாதி உதிர்ந்துவிட்டது.

என் பயிற்சிக் காலத்தில் இருக்கிற ஒரே படம் உள்ளே இருந்தது. 1981, கசம் பரேட் (உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு) அன்று எடுத்த குரூப் போட்டோ. ஐந்து வரிசைப் பையன்கள், எல்லோருக்கும் ஒரே முடிவெட்டு, ஒரே தொப்பி, ஒரே விறைப்பு. அம்மா அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் "இதான் என் மவன்" என்று விரல் வைத்துக் காட்டுவார். விரல் வைத்தது என்மேல் இல்லை, பக்கத்தில் நின்ற மலையாளத்துப் பையன்மேல். முதல் லீவில் வந்தபோது சொன்னேன், "அம்மா, அது நான் இல்ல, இது". "பெத்தவளுக்குத் தெரியாதா" என்று அதட்டிவிட்டார். விட்டுவிட்டேன். சாகும்வரை அவனையே காட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் எங்கள் வீட்டில் அவன்தான் நான்.

அவன் பயிற்சி முடிந்து வேறு பட்டாலியனுக்குப் போனான். அப்புறம் பார்க்கவே இல்லை.

படம் இப்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓரத்தில் பூஞ்சை. இதை ஸ்கேன் பண்ண முடியுமா தம்பி? பிரித்தெடுத்துக் கொண்டு போகவா?

அப்பெர்ச்சர் அன்பு | புதன் காலை 6.32

ஐயா, பிரிக்காதீர்கள்! எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுத்தால் முகம்தான் முதலில் உரிந்து கண்ணாடியோடு போகும். தண்ணீர், ஈரத்துணி எதுவும் வேண்டாம். மரச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, அப்படியே கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். 1200 டிபிஐ வையுங்கள், குரூப் போட்டோ என்பதால் முகங்கள் சின்னதாக இருக்கும். பூஞ்சைப் பக்கத்தைத் தொடவே வேண்டாம், கணினியில் பார்த்துக்கொள்ளலாம். கோப்பை எனக்கு அனுப்புங்கள், நானே சரிசெய்து தருகிறேன். காசு பேச்சு எடுக்கக் கூடாது.

பழைய பட்டாளம் | புதன் காலை 6.41

சரி தம்பி. மகன் சாயங்காலம் வந்ததும் செய்யச் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஏழாவது நான். எட்டாவது அவன். பெரிதாக்கும்போது இரண்டு பேரையும் சேர்த்தே வெட்டு.